தன் தொழுவத்துச் சாணத்தை விற்றுவிட்டு, கோழிக்குப்பையை வாங்கலாமா?

அம்பாசமுத்திரம் வட்டாரத்திலிருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் ஆட்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 46. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மாமனாரின் துணையோடு விவசாயத்தை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை. கார், பிசானம் இரண்டு போகமும் நெல். ஊருக்கு மேற்கே செம்மண் தோட்டம் இரண்டு ஏக்கர். அதில் ஓர் ஏக்கர் எழுபது தென்னை, இன்னோர் ஏக்கர் கத்தரி, வெண்டை, மிளகாய். நான்கு கறவை மாடுகள்.

சாணக் குப்பையை டிப்பர் ஒன்றுக்கு 2,000 ரூபாய் என்று, புளியரை வழியாகக் கேரளத்துக்கு ஏற்றிப்போகும் வியாபாரியிடம் விற்றுவிடுகிறார். வயலுக்கு யூரியாவும் டி.ஏ.பி.யும் கடையில் வாங்குகிறார். பெங்களூரில் இருக்கும் தம்பி, "ரசாயன உரம் விஷம், அடுத்த போகத்தோடு அடியோடு நிறுத்து" என்கிறார். ஆலங்குளம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளின் குப்பையைத் தருவதாக ஒரு தரகர் வந்திருக்கிறார்: டன் 2,500 ரூபாய், ஏக்கருக்குப் போகத்துக்கு எட்டு டன், தோட்டத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு முப்பது டன் ஒப்பந்தம், முன்பணம் 20,000. மாமனாரோ, "இருபது வருடமாகக் கிடை போடவில்லை, அதனால்தான் மண் செத்துக் கிடக்கிறது" என்கிறார். கிடை என்றால் ஆட்டு மந்தையை இரவில் வயலில் அடைத்துவைப்பது. அறுநூறு ஆட்டோடு வரும் கீதாரி (மந்தைக்காரர்) ஓர் இரவுக்கு 500 ரூபாயும் சாப்பாடும் கேட்கிறார்.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு செய்தி. ஐப்பசியில் மாதிரிக்காக இறக்கிய ஒரு லோடு கோழிக்குப்பை தோட்டத்து எல்லையில் இன்னும் கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு அதிலிருந்து நாற்பது அடி. ஈயும் நாற்றமும் தாங்கவில்லை என்று அந்த வீட்டுப் பெரியவர் தாசில்தார் வரை போகப்போவதாகச் சொல்கிறாராம். "என் நிலத்தில் என் உரத்தைப் போட்டுவைக்க எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை எல்லாம் பணக் கணக்கு. ஒரு வாரம் தள்ளினாலும் குடி முழுகாது. இது அப்படி அல்ல. அந்த வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருப்பதாக நீங்களே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் குவியலை இந்த வாரமே நகர்த்துங்கள்

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத மழையும் அந்தக் குவியலின் மேல் பெய்திருக்கிறது. கோழி எருவில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணில் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட் தண்ணீரில் கரைந்து, மண் பிடித்துவைக்காமல் கீழே இறங்கும். செம்மண் சரளையில் நாற்பது அடி பெரிய தூரம் இல்லை. குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்தியத் தரநிலை லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் இடம் கொடுக்கிறது. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பெரியவர்களிடம் எந்த அறிகுறியும் தெரியாது. கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும், நைட்ரேட் அப்படியே நிற்கும்.

உங்கள் குவியலால் அந்தக் கிணறு கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது. நீங்களே அந்தப் பெரியவரிடம் போய், "மாமா, தண்ணீரைச் சோதித்துப் பார்ப்போம், செலவு என்னுடையது, அதுவரை பிள்ளைக்கு வேறு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். தாசில்தார் ஆபீஸ் படி ஏறுவதைவிட இது மலிவு.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். உங்கள் நிலத்தில் எரு வைத்துக்கொள்ளத் தடை இல்லை. ஆனால் அது ஊராருக்குத் தொல்லையாகவோ உடல்நலக் கேடாகவோ மாறினால், அகற்றச் சொல்லி நிர்வாக நடுவர் நிபந்தனை ஆணை போடச் சட்டம் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. 'என் நிலம், என் உரம்' என்ற பேச்சு அங்கே செல்லாது.

நகர்த்தும் இடம் எந்தக் கிணற்றிலிருந்தும் குறைந்தது நூறு அடி தள்ளி மேடாக இருக்கட்டும். கீழே ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோலோ தென்னை மட்டைத் தூளோ பரப்பி, அதன்மேல் குப்பையைக் கூம்பாகக் குவித்துத் தார்ப்பாயால் இறுக மூடுங்கள். வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். ஈரமான குப்பைதான் அதற்குத் தொட்டில். மூடிய குவியலுக்குள் சூடு ஏறினால் புழு அதிலேயே வெந்துவிடும். பத்து நாளைக்கு ஒருமுறை புரட்டி மறுபடி மூடுங்கள். கையை விட்டால் சூடு தெரியாமலும், மூக்கைக் கரிக்கும் அமோனியா நெடி இல்லாமலும் இருக்கிற அன்றுதான் அது உரம்.

முப்பது டன் எதற்கு?

இப்போது தரகருக்கு வருவோம். நீங்கள் உரத்தை லோடு கணக்கில் பார்க்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். பயிர் லோடைச் சாப்பிடுவதில்லை. அதற்குள் இருக்கும் தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்) ஆகியவற்றைத்தான் சாப்பிடுகிறது, அதுவும் தனக்கு வேண்டிய விகிதத்தில். கோழிக்குப்பையின் விகிதமும் நெல்லின் விகிதமும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை. உங்கள் கடிதத்தில் இருக்கும் எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான்.

வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி கோழி எருவில் ஏறத்தாழ 3 சதவீதம் தழைச்சத்து, 2.6 சதவீதம் மணிச்சத்து, 1.4 சதவீதம் சாம்பல்சத்து இருக்கின்றன. லாரியில் வருவது உமியும் ஈரமும் கலந்த சரக்கு என்பதால் நான் எப்போதும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவேன். அப்படிக் கழித்தாலும் எட்டு டன்னில் 160 கிலோ தழைச்சத்தும் 140 கிலோ மணிச்சத்தும் வந்து விழும். குறுகிய கால நெல் ஏக்கருக்குக் கேட்பது 48 கிலோ தழை, 16 கிலோ மணி, 16 கிலோ சாம்பல். பதினாறு கேட்கிற பயிருக்கு நூற்று நாற்பது! அதுவும் ஆண்டுக்கு இரண்டு முறை.

மிச்சத் தழைச்சத்தில் ஒரு பங்கு காற்றில் போகும், ஒரு பங்கு தண்ணீரோடு போகும். இருப்பது பயிரைத் தழதழவென்று வளர்த்து, கதிர் பிடிக்கிற நேரத்தில் சாய்த்துவிடும். புகையான் பூச்சிக்கும் விருந்து வைக்கும். மணிச்சத்து அப்படி எங்கும் போகாது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்காண்டு ஏறும். ஓரளவுக்கு மேல் ஏறினால் பயிர் துத்தநாகத்தை எடுக்க முடியாமல் தடுமாறும். மூன்று ஆண்டாகக் கோழிக்குப்பை மட்டுமே போடுகிற உங்கள் உறவினர் வயலில், நட்ட மூன்றாவது வாரம் இலைகளில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி விழுவதாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் என் சந்தேகம் அங்கேதான் போகிறது. மண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள். துத்தநாகக் குறை என்று வந்தால் ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட் போதும். அதைப் போட்டுவிட்டு மறுபடி எட்டு டன் கொட்டினால் பயன் இல்லை.

தோட்டத்துக்கு இன்னொரு கவலை. கோழி எருவில் உப்பு உண்டு. கோடையில் உங்கள் கிணற்றுத் தண்ணீரே சவர்ப்பாக இருக்கும் என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் மிளகாய் நாற்று முதலில் நுனி கருகும்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். கோழிக்குப்பையே வேண்டாம் என்று சொல்லவில்லை; அது நல்ல சரக்கு. மக்கியதாக, பிசானத்துக்கு மட்டும், ஏக்கருக்கு ஒரு டன் போடுங்கள். நெல் கேட்கும் மணிச்சத்து முழுவதும் அதிலேயே வந்துவிடும். அந்தப் போகத்துக்கு டி.ஏ.பி. வாங்கவே வேண்டாம். காய்கறிக்கு ஒரு டன். மொத்தம் இரண்டரை டன். இப்போது கிடக்கிற லோடிலேயே பாதிக்கு மேல் தேறிவிடும்.

விலையையும் பாருங்கள். மானியம் போக 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய். பொட்டாஷ் முழுக்க வெளிநாட்டுச் சரக்கு என்பதால் விலை ஒரு நிலையில் நிற்காது. ஒரு டன் கோழிக்குப்பையில் உள்ள சத்தை இந்தக் கடை விலைக்குப் போட்டால் 1,600, 1,700 ரூபாய் வரும். மேற்கொண்டு 800, 900 ரூபாயை நீங்கள் அங்ககப் பொருளுக்கும் லாரி டீசலுக்கும் தரகருக்கும் கொடுக்கிறீர்கள். ஒரு டன்னுக்குக் கொடுக்கலாம். முப்பது டன்னுக்கு?

வாங்கும்போது லோடு பேசாதீர்கள், எடைமேடைச் சீட்டுக் கேளுங்கள். லாரி கொட்டும்போது கிட்டே நின்று பாருங்கள். செத்த கோழி கிடந்தால் திருப்பி அனுப்புங்கள். 2024 டிசம்பரில் நம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனதும், பசுமைத் தீர்ப்பாயம் சொல்லித் திரும்ப அள்ளிக்கொண்டு போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆள் இல்லாத நிலத்தில் லாரி எதையும் கொட்டும்.

சாணத்தை விற்பது நட்டமா?

இந்த இடத்தில் உங்கள் தம்பி என்னைத் திட்டக்கூடும். சத்தை மட்டும் எடைபோட்டால், நீங்கள் சாணத்தை விற்பது நட்டமே இல்லை. நன்கு மக்கிய தொழுவுரத்தில் அரை சதவீதம் தழை, 0.2 சதவீதம் மணி, அரை சதவீதம் சாம்பல். இரண்டு டன் டிப்பரில் 10 கிலோ, 4 கிலோ, 10 கிலோ. மானிய விலை உரத்தில் இதன் மதிப்பு ஆயிரம் ரூபாய்கூட இல்லை. உங்களுக்குக் கிடைப்பது 2,000.

அப்படியானால் அந்த வியாபாரி ஏமாளியா? இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சத்துக்காக மட்டும் வாங்கவில்லை. மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் மக்குக்காக, அதாவது மக்கிய அங்ககப் பொருளுக்காக வாங்குகிறார்கள். அதை எந்த மூட்டையிலும் அடைத்து விற்பதில்லை. மழை கொட்டுகிற சீமைக்கு, மூன்று மாதம் தண்ணீர் பார்க்காத நம் செம்மண்ணிலிருந்து மக்கு ஏறிப்போகிறது என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. தென்காசிச் சாலையில் அந்த லாரிகளைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் எண்ணிக்கொண்டே போவேன்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். கறிக்கோழி தின்னும் மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் வெளி மாநிலத்து நிலங்களில் விளைந்தவை. அந்த நிலங்களின் சத்து கோழி வழியாக ஆலங்குளம் வந்து, தரகர் வழியாக உங்கள் வயலில் குவியப் பார்க்கிறது. உங்கள் மாட்டுத் தொழுவத்துச் சத்து அதே நேரம் மலையேறுகிறது. ஓரிடத்தில் குவிந்து கெடுக்கிறது, இன்னோரிடத்தில் குறைந்து கெடுக்கிறது. பண்ணைகள் ஓரிடத்திலும் பயிர் வேறிடத்திலும் இருக்கிற எல்லா ஊரிலும் இதே கதைதான். அரசு திருத்த வேண்டியது நிறைய உண்டு. ஆனால் உங்கள் மூன்றரை ஏக்கருக்குள் நீங்களே திருத்தக்கூடியதும் இருக்கிறது.

நாலு மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோ சாணம் போடும். ஆண்டுக்குப் பதினெட்டு டன். கூளத்தோடு மக்கி வரும்போது ஏழு டன் தேறும். இதில் ஒரு கூடைகூட நஞ்சைக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. தென்னைக்கு மரத்துக்கு 50 கிலோ என்று எழுபது மரத்துக்கு மூன்றரை டன். மீதி மூன்றரை டன் காய்கறிக்கு. ஈரம் நிற்காத செம்மண்தான் மக்குக்கு ஏங்குகிறது. ஆண்டுக்கு ஏழாயிரம் ரூபாய் வரும்படி நிற்கும், உண்மைதான். இரண்டு கோடை பொறுத்துப் பாருங்கள்; தண்ணீர் பாய்ச்சும் இடைவெளி ஒரு நாளாவது நீண்டால் மோட்டார் ஓட்டமும் ஆள்கூலியும் குறையும். நீளவில்லை என்றால் மறுபடி விற்றுக்கொள்ளுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன்.

விற்கும் சாணத்தைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள், விற்காமலே போகும் ஒன்றைக் கவனிக்கவில்லை. தொழுவம் கல்தளம், மூத்திரம் வாறுகால் வழியாகத் தெரு ஓடைக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறத்தாழ பாதியும் சாம்பல்சத்தில் பெரும்பங்கும் அந்த மூத்திரத்தில்தான். இரவில் மாட்டுக்கு அடியில் வைக்கோல் கழிவு, காய்ந்த தழை, மட்டைத் தூள் எதையாவது விரித்து, காலையில் சாணத்தோடு சேர்த்துக் குழியில் போடுங்கள். வாறுகால் முனையில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினால் மிச்சமும் வீணாகாது. குழிக்கு மேல் ஓலைக் கூரை வேண்டும். நம் ஊர் ஆடிக் காற்றில் திறந்து கிடக்கும் குப்பை பாதி காற்றோடு போய்விடும், மீதி சாரமற்ற தூசி.

தென்னைக்குப் பக்கத்தில் குழி இருந்தால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும். புரட்டும்போது கண்ணில் படும் வெள்ளைப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் குழியில் கலந்தால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

தம்பிக்குச் சொல்ல வேண்டியது

தம்பி அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் வேருக்கு நைட்ரேட்டும் அமோனியமும் மட்டுமே தெரியும். அது யூரியாவிலிருந்து வந்ததா, சாணத்திலிருந்து வந்ததா என்று பார்க்காது. உங்கள் ஏழு டன் தொழுவுரத்தில் உள்ள மொத்தத் தழைச்சத்து 35 கிலோ. அதில் முதல் பயிருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 30 சதவீதம், அதாவது பத்துக் கிலோ. அரை மூட்டை யூரியாவுக்குச் சமம். உங்கள் நஞ்சைக்கு மட்டும் இரண்டு போகத்துக்கும் சேர்த்து 144 கிலோ வேண்டும். அடுத்த போகத்தோடு அடியோடு நிறுத்தினால், நிற்பது உரம் மட்டும் அல்ல, விளைச்சலும்தான். அப்புறம் அரிசிக்கு அவரா பணம் அனுப்புவார்?

குறைக்கலாம், அதற்கு வழி இருக்கிறது. பிசான அறுவடைக்கு முன்பே வயலில் கொளுஞ்சி என்ற பசுந்தாள் உரச் செடியின் விதையைத் தூவிவிடுங்கள். தோல் தடித்த விதை. மணலோடு சேர்த்து உரலில் லேசாக இடித்துத் தூவினால்தான் ஒழுங்காக முளைக்கும். இருக்கும் ஈரத்தில் வளர்ந்து கோடையைத் தாங்கும், ஆடு மாடு கடிக்காது. கார் போகத்துக்குப் பாபநாசம் அணை திறந்து கால்வாயில் தண்ணீர் வந்ததும் மடக்கி உழுதுவிடலாம். மேலுரமாக யூரியா இடும்போது நாள் கணக்குப் பார்க்காமல் இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள். வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டால் சொல்லித்தருவார்கள். பச்சை போதுமானதாக இருக்கும் வாரத்தில் யூரியா மூட்டையைத் திறக்காதீர்கள். அம்பை நெல் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1937இலிருந்து நம் ஆற்றுப் பாசன நெல்லைப் பார்த்து வருகிறவர்கள். ஒருநாள் நேரில் போய் வாருங்கள்.

மாமனாரின் கிடை

கிடை எனக்குப் பிடிக்கும். ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

அதன் அழகு என்னவென்றால், புழுக்கையும் மூத்திரமும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலி இல்லாமல் நேரே வயலில் விழுகின்றன. ஆடு பகலெல்லாம் தரிசிலும் அறுத்த கரிசல் காட்டிலும் மேய்ந்ததை இரவில் உங்கள் வயலில் இறக்கிவிட்டுப் போகிறது. ஓர் ஆடு ஓர் இரவில் விடுவது தோராயமாக ஐந்து கிராம் தழைச்சத்து என்று நான் கணக்குப் போடுவேன். ஆட்டுக்கு ஒரு சதுர மீட்டர் என்று வைத்தால், அறுநூறு ஆடு ஓர் இரவில் பதினைந்து சென்ட் அடைக்கும். இப்படி நாளுக்கொரு இடம் மாற்றினால் ஏக்கருக்கு 20 கிலோ தழைச்சத்து, சரியாக ஒரு மூட்டை யூரியா அளவு. ஒன்றரை ஏக்கரையும் சுற்றிவரப் பத்து இரவு. ஐயாயிரம் ரூபாயும் பத்து நாள் சாப்பாடும்.

யூரியா விலையோடு ஒப்பிட்டால் மாமனார் தோற்றுவிடுவார். மணிச்சத்து, சாம்பல்சத்து, புழுக்கையின் மக்கு எல்லாவற்றையும் சேர்த்தாலும் முழு ஐயாயிரம் தேறுமா என்பது சந்தேகம்தான். ஆகவே பாதி செய்யுங்கள். நஞ்சையின் மேல்மடையில் முக்கால் ஏக்கர் எப்போதும் வெளிறிப்போகிறது என்றீர்களே, அங்கே மட்டும் ஐந்து இரவு கிடை. கீழ்மடை முக்கால் ஏக்கரில் கொளுஞ்சி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கார் போகம் பார்த்தால் மாமனாருக்கும் உங்களுக்கும் இடையே வாதம் வேண்டியிருக்காது.

மூன்று எச்சரிக்கை. ஒரே இடத்தில் மூன்று இரவு அடைக்க விடாதீர்கள். கிடைக்காரருக்குப் பட்டி மாற்றுவது வேலை, உங்களுக்கு அது நெல் சாயும் காரியம். கிடை எழுந்த மறுநாளே மேலாக ஒரு உழவு போட்டுவிடுங்கள், இல்லையென்றால் மூத்திரத்தின் தழைச்சத்து வெயிலில் அமோனியாவாகப் பறந்துவிடும். இன்னொன்று, கோடையில் ஆடுகள் தின்பது பெரும்பாலும் உடை மரத்து நெற்று. அந்த விதை ஆட்டின் வயிற்றில் சாகாது. புழுக்கையோடு வந்து முளைக்கும். தொளி உழவில் (சேற்றுழவில்) அது பிழைக்காது என்பதால் நஞ்சையில் பயம் இல்லை. தென்னந்தோப்பில் கிடை போட்டால் மூன்றாம் ஆண்டு நீங்கள் உடங்காட்டில்தான் தேங்காய் பொறுக்குவீர்கள்.

மண் பரிசோதனை

மேலே சொன்ன கிலோக் கணக்கெல்லாம் பொது அளவு. உங்கள் மண்ணுக்கான அளவைப் பரிசோதனைதான் சொல்லும். நஞ்சைக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று, தென்னைக்கு ஒன்று, உறவினர் வயலுக்கு ஒன்று எனத் தனித்தனி மாதிரி. பத்துப் பதினைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்துப்போல வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சுரண்டிச் சேர்த்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பாகங்களைக் கழித்துக்கொண்டே வந்து அரைக் கிலோவாக்குங்கள். தென்னைக்கு மட்டும் இன்னும் ஆழமாக, மூன்று அடி வரை அடுக்கடுக்காக எடுக்க வேண்டும். வரப்போரம், மர நிழல், குப்பை கிடந்த இடம் ஆகாது. உரம் போட்டு மூன்று மாதத்துக்குள் எடுத்தாலும் முடிவு பொய் சொல்லும். ஆகவே பிசான அறுவடை முடிந்த உடனே, கிடை இறங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள். நஞ்சையின் அறிக்கையில் மணிச்சத்து 'அதிகம்' என்று வந்தால் நான் சொன்ன ஒரு டன் கோழிக்குப்பையும் வேண்டாம், அதைக் காய்கறிக்குத் திருப்பிவிடுங்கள்.

இப்போது மாசி. பங்குனியில் அறுவடை முடிந்ததும் ஊரில் எல்லோரும் ஒரே வாரத்தில் கீதாரியைக் கூப்பிடுவார்கள். அப்போது 500 ரூபாய் 800 ஆகிவிடும். ஐந்து இரவுக்கு இப்போதே பேசி, அச்சாரமாக நூறு ரூபாய் கொடுத்துவையுங்கள். அதற்கு முன் அந்தக் குவியலை நகர்த்திவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மண்ணியல் ஆலோசகர்